பச்சை என்று சொன்னவர்

பால் கம்பெனியில் அவரை எல்லோரும் "பிங் சார்" என்றுதான் கூப்பிட்டார்கள். யார் போன் செய்து "நெட் வரல சார்" என்றாலும், "இருங்க, ஒரு பிங் அடிச்சுப் பாக்கிறேன்" என்பார். தூரத்தில் இருக்கும் ஒரு மெஷினைக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்பதற்குப் பெயர்தான் பிங். பதில் வந்தால் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, அல்லது கரண்ட் போயிருக்கிறது. இந்த ஒரே வாக்கியத்தை அவர் நாள் முழுக்கச் சொன்னதில், வாசல் காவலாளி அதுதான் அவருடைய சொந்தப் பெயர் என்று நம்பிவிட்டார். ஒருமுறை கூரியர்காரர் நிஜப் பெயரைச் சொல்லிப் பார்சலை நீட்டியபோது, "அப்படி யாரும் இங்க இல்லப்பா" என்று திருப்பி அனுப்பியும்விட்டார்.

வயது நாற்பத்தாறு. ஒல்லி. நடக்கும்போது ஒரு தோள் முன்னால் போகும், மற்றது யோசித்துக்கொண்டு பின்னால் வரும். கம்பெனியின் பழைய வெண்ணெய்க் கிடங்கைப் பலகை வைத்துத் தடுத்து அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னமும் குளிர் அறை. அதனால் வெளியே வெயில் கொளுத்தும்போதும் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். கோடை வந்தால் கணக்குப் பிரிவு ஆட்கள் ஒவ்வொருவராக, "என் மெயில் கொஞ்சம் மெதுவா இருக்கு சார்" என்று வந்து, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பார்கள். மெயில் சரியாகிவிடும். ஆள் போகமாட்டார்.

கம்பெனிக்குச் சுற்றுவட்டாரத்தில் நாற்பதுக்குப் பக்கம் பால் குளிரூட்டும் நிலையங்கள். பேச்சில் எல்லாமே 'சென்டர்'. மாடு வைத்திருப்பவர்கள் காலையிலும் மாலையிலும் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். பெரிய எஃகுத் தொட்டியில் அது குளிர்ந்து நிற்கும். லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். தொட்டியில் எவ்வளவு பால், எவ்வளவு குளிர்ச்சி என்ற விவரம் நெட்வொர்க் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருக்கும். இணைப்பு அறுந்தால் அந்த சென்டர் ஊமை. ஊமையான சென்டருக்கு உடனே போன் போட வேண்டும். போன் கிடைக்காவிட்டால் அடுத்த லாரியை அங்கேதான் முதலில் அனுப்ப வேண்டும். பால் காத்திருக்காது.

இந்த இணைப்புகளையெல்லாம் கவனிக்க ஒரு மென்பொருள். அதைக் கவனிக்க பிங் சார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு சென்டருக்கு ஒரு வரி, வரியின் கடைசியில் 'அப்' அல்லது 'டவுன்'. பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அவர் மட்டும் பேப்பர் படிப்பதுபோலப் படித்துக்கொண்டு போவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று கம்பெனியில் அவருக்குப் பெயர்.

அந்தக் கண்ணில்தான் விஷயம் இருந்தது. அவருக்குப் பச்சையும் சிவப்பும் தனித்தனியாகத் தெரியாது. இரண்டும் ஒரே மண் நிறம்.

இது அவருக்கே பத்தொன்பது வயதில்தான் தெரியவந்தது. ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, உடல் பரிசோதனைக்குப் போனார். மருத்துவர் புள்ளி புள்ளியாக வண்ணம் அடித்த ஒரு பக்கத்தைக் காட்டி, "இதுல என்ன நம்பர் தெரியுது?" என்றார். "நம்பரா? புள்ளிதான் சார் தெரியுது" என்றார் இவர். மருத்துவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் புள்ளிதான். அதோடு எஞ்சின் போய்விட்டது.

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பையன் வேலைக்குப் போகப் பிடிக்காமல் நாடகம் ஆடுகிறான் என்று ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் தாய்மாமன்தான் வந்து சமாதானம் செய்தார். அவருக்கும் அதே கண். "அவனைத் திட்டாதீங்க மச்சான். இது எங்க வீட்டுச் சொத்து. தங்கச்சி வழியா அவனுக்கு வந்திருக்கு. நிலம் நீச்சு ஒன்னும் குடுக்க முடியல, இதையாவது குடுத்தோமே" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

மனைவிக்குக் கல்யாணமான முதல் மாதமே தெரிந்துபோனது. அவர் தையல்காரி; வீட்டின் முன்னறையிலேயே மெஷின் போட்டிருந்தார். ஒருநாள் உள்ளே இருந்து பச்சைத் துணியை எடுத்து வரச் சொன்னார். இவர் அரக்கு நிறத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மனைவி இரண்டு நூல்கண்டுகளை முன்னால் வைத்தார்.

"இது ரெண்டும் ஒன்னா?"

"ஒன்னுதானே."

"சரி" என்று எடுத்து வைத்துக்கொண்டார். சற்று நேரம் மெஷினை மிதித்துவிட்டு, "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"நீ கேக்கலையே."

"இதையெல்லாம் கேக்கவா முடியும்? மூக்கு இருக்கா, காது இருக்கான்னு கேட்டுட்டா கல்யாணம் பண்ணுவாங்க?"

அதற்குமேல் அந்த வீட்டில் அது ஒரு பேச்சாகவே இல்லை. சட்டையை மனைவி எடுத்து வைப்பார், இவர் போட்டுக்கொள்வார். தக்காளி வாங்க மட்டும் இவரை அனுப்புவதில்லை.

கம்பெனியில் யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வேலையில் சேரும்போது கண் பரிசோதனை எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள்தான், எழுத்துக்கு நிறம் எதற்கு? பதினான்கு வருடம் அப்படியே ஓடியது.

பிறகு மேலாளர் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். வந்த கையோடு பிங் சாரின் அறைக்கு வந்து, கறுப்புத் திரையை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதை உங்களைத் தவிர யாருக்காவது படிக்கத் தெரியுமா?"

"கத்துக்கிட்டா யாரும் படிக்கலாம் மேடம்."

"யாரும் கத்துக்கல இல்ல? நீங்க ஒருநாள் காய்ச்சல்ல படுத்தா நாங்க குருடங்க மாதிரி நிக்கணும். எல்லாரும் பாக்கிற மாதிரி ஒன்னு வையுங்க. அங்கெல்லாம் பெரிய டிவியில போட்டு வச்சிருக்காங்க."

அதே சமயத்தில்தான் அந்த மென்பொருளின் புதுப் பதிப்பு வந்திருந்தது. அதோடு ஓர் இணையப் பக்கமும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். பிரவுசரைத் திறந்தால் வரைபடம் வரும், சென்டர்கள் வட்டங்களாக நிற்கும். 'இது சோதனை நிலையில் உள்ளது, முக்கியமான இடங்களில் இதை மட்டும் நம்ப வேண்டாம்' என்று செய்தவர்களே குறிப்பு எழுதியிருந்தார்கள். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது, இவருக்கு உதவியாகச் சேர்ந்து ஒரு வருடமே ஆகியிருந்த இளம் பொறியாளர். வேகமாகப் பேசுவாள், வேகமாகச் சாப்பிடுவாள், கைப்பையில் எப்போதும் இரண்டு சார்ஜர் வைத்திருப்பாள். "இதைப் போட்டுடலாம் சார், நான் பொறுப்பு" என்று மேலாளர் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

பிங் சார் முறைப்படி செய்கிற ஆள். நேராக முக்கிய சர்வரில் கை வைக்காமல், கணக்குப் பிரிவு கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். அதில் புதுப் பதிப்பை ஏற்றினார். பக்கத்தைக் காட்டுவதற்கான வெப் சர்வரை நிறுவினார். சென்டர்களின் விவரத்தைப் பழைய இடத்திலிருந்து பிரதி எடுத்து உள்ளே விட்டார். கடவுச்சொல் வைத்தார், வெளியிலிருந்து யாரும் நுழையாமல் வாசலை அடைத்தார். பொறியாளர் பக்கத்து மேசையிலிருந்து பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைவெளேர் என்று வந்தது. அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

"இங்க ஒன்னுமே வரல சார்."

"இங்க வருதே."

அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பார்த்தால் வரைபடம் தெரிந்தது. வேறு எங்கிருந்து பார்த்தாலும் வெறும் வெள்ளை. "குளியலறையில மட்டும் பாடற ஆளு போல" என்றாள் பொறியாளர். இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் காரணம் ஒரே ஒரு வரி. விவரத்தை எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்ற இடத்தில், 'என்னிடமே கேள்' என்ற பொருளில் ஒரு முகவரி இருந்தது. பக்கத்தை எந்தக் கம்ப்யூட்டர் திறந்தாலும் அது தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் கிடைக்காமல் வெறுமனே நின்றது. பிங் சார் அந்த இடத்தில் சர்வரின் முகவரியைப் போட்டார். வரைபடம் வந்தது.

"அப்பா! எவ்வளவு அழகா இருக்கு" என்று பொறியாளர் எழுந்தே நின்றுவிட்டாள். "எல்லாம் பச்சை. அந்த ஆத்தோரத்து சென்டர் மட்டும் செவப்பு. பாத்தீங்களா சார்?"

அவர் பார்த்தார். நாற்பது வட்டங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெளிச்சம், ஒரே மண் நிறம். வட்டத்தின் மேல் அம்பைக் கொண்டுபோனால் ஊர்ப் பெயர் மட்டும் வந்தது. நிலை என்ன என்ற சொல் எங்குமே இல்லை.

"ம், பாத்தேன்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பின்னால் அவருக்கே பிடிபடவில்லை. சொல்லக் கூடாது என்று முடிவெடுத்துச் சொன்னதில்லை. வாயில் அப்படி வந்தது. வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க ஒரு நல்ல நேரம் வாய்க்கவில்லை.

லாரிகளை அனுப்பும் அறையில் பெரிய டிவி மாட்டினார்கள். அந்த அறையின் தலைவருக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். பக்கத்தில் நிற்பவரிடமும் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். அதுவரை அவர் தினமும் பிங் சாருக்குப் போன் செய்து ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தவர். டிவி வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் வந்ததும் அதன் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். டிரைவர்களை அழைத்து வந்து காட்டுவார்.

"பாரு, உன் லாரி போற ஊரு பச்சையா இருக்கு. நிம்மதியா போ."

பிங் சார் தன் அறையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் பழைய கறுப்புத் திரையையும் ஓடவிட்டிருந்தார். யாராவது போனில், "சார், மூணு செவப்பு எரியுது" என்றால், "எந்தெந்த ஊருன்னு சொல்லுங்க" என்பார். ஊர்ப் பெயரை வைத்துக் கறுப்புத் திரையில் பார்த்துக்கொள்வார். கேட்பவர்களுக்கு அது ஒழுங்காக வேலை செய்கிறவரின் கேள்வியாகவே பட்டது. இப்படிச் சில மாதங்கள் சிக்கலில்லாமல் போயின.

சிக்கல் ஒரு மத்தியானத்தில் வந்தது. புது இணையப் பக்கத்துக்கு ஒரு திருத்தம் வந்திருந்தது. அதை ஏற்றும்போது பழைய விவரங்களைப் புது வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றி முடியும்வரை கறுப்புத் திரையை நிறுத்தி வைக்க வேண்டும், இணையப் பக்கம் மட்டும் ஓடும். அரை மணி நேர வேலை. பொறியாளர் சாப்பிடப் போயிருந்தாள். ஹாரன் கீழே முற்றத்தில் லாரிகளுக்கு நடுவே நின்றபடி போன் செய்தார்.

"பிங் சார், ஒரே ஒரு வண்டிதான் மிச்சம். மலைக்கு விடவா, ஆத்துப் பக்கம் விடவா? ஆத்துப் பக்கம் தொட்டி ரொம்பிடுச்சுங்கிறாங்க. மலை சென்டர் எப்படி இருக்கு பாருங்க, நான் மேல ஏறி டிவி பாக்க நேரமில்ல."

பிங் சார் திரையைப் பார்த்தார். மலை சென்டரின் வட்டத்தைக் கண்டுபிடித்தார். மற்ற வட்டங்களைப் போலவே இருந்தது.

அரை மணி நேரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த சென்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வழியில் போகிற யாரையாவது கூப்பிட்டு, இது என்ன நிறம் என்று கேட்டிருக்கலாம். நாற்பதில் முப்பத்தொன்பது எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும், மலை சென்டர் விழுந்து வருடமாகிறது என்ற கணக்கு அவர் மனதில் ஓடியது. முற்றத்தில் லாரி உறுமுவது போனில் கேட்டது.

"பச்சைதான்" என்றார்.

"அப்ப ஆத்துப் பக்கம் விடறேன்" என்று ஹாரன் போனை வைத்தார்.

கறுப்புத் திரையை நிறுத்திய சற்று நேரத்திலேயே மலையில் கரண்ட் போயிருந்தது. குளிரூட்டும் மெஷின் நின்றது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை, செல்போன் கோபுரமும் படுத்துவிட்டது. ஹாரன் கேட்டபோது வட்டம் சிவப்பாகிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. காலையில் ஹாரன் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியபோது பச்சையாக இருந்தது. இறங்கிய பிறகு மாறியது. கறுப்புத் திரை திரும்ப வந்து 'டவுன்' காட்டியபோது அனுப்ப வண்டி இல்லை; ஒரு லாரி அங்கே போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. தொட்டிப் பால் முழுவதும் திரிந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் கொட்டினார்கள்.

மறுநாள் மேலாளர் அறையில் விசாரணை. ஹாரன் தன் குரலைக் குறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் கேட்டேன் மேடம், பிங் சார் பச்சைன்னாரு."

மேலாளர் பிங் சாரைப் பார்த்தார். "சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம். எனக்கு ஸ்கிரீன்ல அப்படித்தான் தெரிஞ்சுது."

அதில் பொய் என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அது செய்த வேலை பொய்யின் வேலை. பிங் சார் தவறாகப் பார்ப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படியென்றால் திரைதான் தவறாகக் காட்டியிருக்க வேண்டும். மேலாளர் பேனாவை மேசையில் போட்டார். "சோதனைப் பதிப்புன்னு அவங்களே எழுதியிருக்காங்க. நம்ம மேலதான் தப்பு. இன்னையோட அதை நிறுத்துங்க." பிறகு பொறியாளரிடம் திரும்பினார். "நீதானே பொறுப்புன்னு சொன்ன? செவப்பை ஏன் பச்சையா காட்டுச்சுன்னு கண்டுபிடி. அதுவரைக்கும் அந்தப் பக்கம் வேண்டாம்."

டிவி அணைந்தது. ஹாரன் மறுபடியும் ஒவ்வொரு ஊராகப் போன் செய்ய ஆரம்பித்தார். டிவி கண்ணாடியில் தூசி படிந்தது, அவர் துடைக்கவில்லை.

பொறியாளர் பிழையைத் தேடினாள். வட்டத்துக்கு நிறம் கொடுக்கிற வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பழைய கம்ப்யூட்டரில் தனியாக ஒரு பிரதி போட்டு, சென்டர்களைப் பொய்யாக விழவைத்து, பொய்யாக எழவைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் விழுந்தது சிவப்பானது, எழுந்தது பச்சையானது. செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டாள். அப்படி ஒரு பிழை யாரும் சொன்னதில்லை என்று பதில் வந்தது. மேசையிலேயே சாப்பிட்டாள். ஒரு வாரம் கழிந்தபோது அவளுடைய பேச்சின் வேகம் குறைந்திருந்தது.

"எங்கயோ இருக்கு சார். என் கண்ணுக்குப் படமாட்டேங்குது" என்றாள் ஒருநாள்.

அன்று பிங் சார் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றாமலே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி ஒரு சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை மெஷினை மிதிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு இன்னும் எத்தனை நாள் தேடும்?"

"கிடைக்கற வரைக்கும்."

"இருந்தாத்தானே கிடைக்கும்?" என்றார் மனைவி. "கண்ணு சரியில்லாதது உங்க பாடு. அதுக்கு அவ ஏன் உக்காந்து தேடணும்? நான் தச்ச துணியில நான் கிழிச்சதை, இன்னொருத்திய உக்கார வச்சுத் தேடச் சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"வேலை போச்சுன்னா?"

"போனா காஜா எடுக்க ஆள் வேணும் எனக்கு. நிறம் பாக்கத் தேவையில்ல, வெள்ளைச் சட்டையா தர்றேன்."

மறுநாள் காலையில், பொறியாளர் கைப்பையை மேசையில் வைப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். "நீ தேடறது புரோகிராம்ல இல்லம்மா. எனக்குப் பச்சை, செவப்பு தெரியாது. அன்னைக்கு அது செவப்பாத்தான் இருந்திருக்கும். நான் குத்துமதிப்பா சொன்னேன்."

இரக்கப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தால் அது நடக்கவில்லை.

"ஒரு வாரம் சார்" என்றாள். "ஒரு வாரம்! பக்கத்து நாற்காலியில உக்காந்து பாத்துட்டே இருந்தீங்க. டீ வேணுமான்னு வேற கேட்டீங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அதன்பிறகு சில நாட்கள் வேலைக்குத் தேவையான வார்த்தையைத் தவிர அவரிடம் எதுவும் பேசவில்லை. அவரும் பேச முயலவில்லை. அவள் பக்கம் நியாயம் என்று அவருக்குத் தெரியும்.

மேலாளரிடம் அவரே போய்ச் சொன்னார்.

"இத்தனை வருஷம் எப்படிச் சமாளிச்சீங்க?"

"எழுத்தா இருந்துச்சு மேடம். சமாளிக்க வேண்டியே வரல."

"கண்ணைப் பத்தி நான் ஒன்னும் சொல்லல. எங்க அண்ணனுக்கு ஒரு காது கேக்காது, அவர் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனாரு. ஆனா தெரியாததைத் தெரியும்னு சொன்னீங்க பாருங்க... அதுக்கப்புறம் இந்த ரூம்ல நின்னுட்டு, அப்படித்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னீங்க. நான் அதை அப்படியே நம்பினேன்."

எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. வேலை போகவில்லை. ஹாரன் செய்தியைக் கேட்டுவிட்டு நேராக வெண்ணெய்க் கிடங்குக்கு வந்து, "அப்ப என் சட்டை என்ன கலர் சொல்லுங்க?" என்றார். நீலம் என்றார் பிங் சார். அது சரியாகவே இருந்தது. "நீலம் தெரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்று ஹாரன் ஏதோ பெரிய மருத்துவச் சான்றிதழ் கொடுத்ததுபோல முதுகில் தட்டிவிட்டுப் போனார். கம்பெனியில் இன்னும் பத்துப் பேர் அதே கேள்வியோடு வந்தார்கள். ஒரு மாதம் அது ஒரு விளையாட்டாக இருந்து, பிறகு அலுத்துப்போனது.

பக்கத்தைத் திருத்தியது பொறியாளர்தான். கோபம் முழுதாகத் தணியாத நிலையிலேயே அந்த வேலையைச் செய்தாள். இணைப்பு இருந்தால் வட்டம், அறுந்தால் சதுரம், சதுரத்துக்குள் ஒரு பெருக்கல் குறி, அடியில் 'இல்லை' என்று ஒரு சொல். நிறமும் இருந்தது, ஆனால் நிறத்தை மட்டும் நம்பத் தேவையில்லை. ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு, "இது தெரியுதா?" என்று ஒரு முறை கேட்பாள். "தெரியுது" என்பார். "நிஜமாவா?" என்று இரண்டாம் முறை கேட்பாள். அந்த இரண்டாவது கேள்வி பல மாதங்கள் ஓயவில்லை. டிவி மறுபடி எரிந்தபோது ஹாரனுக்குப் பெருக்கல் குறி பிடிக்கவில்லை. "பரீட்சைப் பேப்பர்ல தப்புப் போட்ட மாதிரி இருக்கு" என்று முனகினார். ஒரு வாரத்தில் பழகிவிட்டார்.

செய்தவர்களுக்கும் அந்தத் திருத்தத்தை அனுப்பி வைத்தாள். அனுப்பும்போது தன் பெயரை மட்டும் போடாமல் அவர் பெயரையும் சேர்த்திருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டதாக இரண்டு வரியில் பதில் வந்தபோது அவருக்கும் ஒரு நகல் வந்தது, அப்படித்தான் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அவளுக்குப் போனது. அதில் தனக்கு வருத்தம் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டார். இருக்கிறது என்றார் மனைவி.

மலை சென்டருக்கு இரண்டாவது இணைப்பு போட அவர் போனது அந்தப் பால் திரிந்துபோன மூன்றாம் மாதத்திலேயே. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுகிற ஒரு ஆன்டெனா. சென்டரை நடத்தியது தனியாக ஒரு பெண்மணி; ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. ஏணியைச் சுவரில் சாய்த்துக்கொண்டே, யாரும் கேட்காமல் அவரே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நான் ரோட்டுல போய் நின்னேன் சார். போன் இல்ல, ஒன்னும் இல்ல. லாரி வரும் வரும்னு பாத்தேன். ஆபீஸ்ல யாரோ இந்த ஊரு பச்சையா இருக்குன்னு சொல்லிட்டாங்களாம்."

"நான்தாங்க அது" என்றார்.

பெண்மணி ஏணியைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"தொட்டிக் குழாயைத் தொறந்துவிட்டது நான்தான்" என்றார். "எல்லாரும் ஊத்திட்டுப் போன பாலு. காவாயில வெள்ளையா போச்சு. நாய்கூடக் குடிக்கல." பிறகு ஏணியை அழுத்திப் பிடித்து, "ஏணியில மூணாவது படி ஆடும், பாத்து ஏறுங்க" என்றார்.

ஆன்டெனாவிலிருந்து உள்ளே வரும் கேபிளின் முனையில் இருந்த பிளக் சுவர்த் துளைக்குள் நுழையவில்லை. முனையை வெட்டி, உள்ளே இழுத்து, அங்கேயே புது முனை போட வேண்டியிருந்தது. மேலுறையை உரித்ததும் எட்டு மெல்லிய கம்பிகள் விரிந்தன; ஒவ்வொன்றும் ஒரு நிறம், வரிசை மாறினால் வேலை செய்யாது. அலுவலகத்தில் அவர் எப்போதும் முனை போட்டு விற்கிற கேபிளையே வாங்கிவிடுவார்.

"எனக்கு நிறம் சரியா தெரியாதுங்க. ஒவ்வொன்னா சொல்றீங்களா?" என்றார்.

பெண்மணி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு குனிந்தார். "இது ஆரஞ்சு. இது பச்சைக் கோடு போட்ட வெள்ளை. இது... காப்பிக் கலர்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"அப்ப காப்பிக் கலர்."

அவர் வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தார். முதல் முறை இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டன, வெட்டிவிட்டு மறுபடி போட்டார்கள். இரண்டாம் முறை இணைப்பு வந்தது. பெண்மணி பால்கேன்களைக் கழுவப் போய்விட்டார். மாலைப் பால் வருகிற நேரம். பிங் சார் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, இறங்குகிற லாரியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். டிரைவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. பிடுங்கிவிடலாமா, அடைத்துப் பார்க்கலாமா என்று மலை இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். பிங் சார், தனக்குத் தெரியாது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.